ஹோகன்ட்வீல் குன்றில் கோட்டை இடிபாடும் அரிய செடிகளும் ஒரே இடத்தில் இருப்பது எப்படி?

இரண்டுக்கும் காரணம் பாறைதான். தென் ஜெர்மனியில் சிங்கன் நகரை ஒட்டி கடல் மட்டத்திலிருந்து 686 மீட்டர் உயரத்தில் நிற்கும் இந்தக் குன்று, பழைய எரிமலைக்குள் இறுகிப்போன ஃபோனோலைட் என்ற எரிமலைப் பாறை. சுற்றியிருந்த மென்மையான எரிமலைச் சாம்பல் பாறையைப் பனியுகத்தில் பனியாறு அரித்துவிட, கடினமான நடுப்பகுதி மட்டும் செங்குத்தாக மிஞ்சியது. கோட்டை கட்ட வேறென்ன வேண்டும்? 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போரில் ஐந்து முறை முற்றுகையிட்டும் எதிரிகளால் அதைப் பிடிக்க முடியவில்லை! 1800இல் பிரெஞ்சுப் படையிடம் சண்டையின்றிச் சரணடைந்தது. அப்புறம் அவர்களே அதைத் தகர்த்தார்கள்.

சரி, செடிகள்? தெற்குச் சரிவில் மண் குறைவு, வெயில் அதிகம். அதனால் வறட்சியைத் தாங்கும் செடிகளே அங்கே நிலைக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது நீலப்பூ பூக்கும் ஈசோப்பு. கோட்டைத் தோட்டத்து மூலிகையாக இருந்து, இன்று பாறை இடுக்கில் தானாகவே வளர்கிறது. போனால் பாதையை விட்டு இறங்காதீர்கள், பறிக்கவும் வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட பகுதி.