மகளுக்கு அன்றிரவே, மாணவருக்கு ஆறு வாரமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் 14 ஆண்டுகளாகப் பாடம் எடுக்கிறேன். இப்போதைய மாணவர்களுக்குப் படிப்பில் ஆர்வமே இல்லை. வருகைக்கு 5 மதிப்பெண் கொடுத்தும் பலனில்லை. ஆறு வாரம் கழித்து, 60 கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்தால், மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பைக்குள் திணிக்கிறார்கள். என் மகளும் கல்லூரியில்தான் படிக்கிறாள். அவள் எழுதுவதை அன்றிரவே படித்துச் சொல்லிவிடுவேன். அவள் இப்படி இல்லை. இவர்களுக்கு எப்படி ஆர்வமூட்டுவது?

பதில்: மாதம் ஒருமுறையாவது இந்தப் புலம்பல் எனக்கு வந்துவிடும். பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று நானும் சேர்ந்து தலையாட்டுவேன் என நினைத்திருப்பீர்கள். மாட்டேன். மகளைப் பற்றிப் போகிற போக்கில் எழுதினீர்களே, உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

மகளுக்கு அன்றிரவே. மாணவருக்கு ஆறு வாரம். அதற்குள் தான் என்ன எழுதினோம் என்பதே அந்தப் பையனுக்கு மறந்திருக்கும். தாளில் என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை. வெறும் எண்தான் என்றால், இருப்பதைத்தானே அவன் பார்ப்பான்? மகளிடம் "நூற்றுக்கு 58" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவீர்களா?

பள்ளிப் பிள்ளைகளை வைத்து உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் செய்த ஆய்வு 1988-இல் வந்தது. கருத்து மட்டும் எழுதித் தந்தபோது பிள்ளைகளுக்கு ஆர்வம் நிலைத்தது. பக்கத்திலேயே மதிப்பெண்ணும் போட்டபோது, குறைவாக வாங்கியவர்களின் ஆர்வம் சரிந்தது. அதனால் கருத்தை முதலில் கொடுங்கள். திருத்தி எழுத ஒரு வாரம் விடுங்கள். எண் அப்புறம் வரட்டும்.

60 பேருக்கு எங்கே நேரம் என்பீர்கள். சரி, கட்டுரையை ஒரு பக்கமாகச் சுருக்குங்கள். இரண்டு வரி போதும்: எந்த இடத்தில் நன்றாக யோசித்திருக்கிறான், எந்த இடத்தில் வாதம் நொண்டுகிறது. "நன்று" என்று கிறுக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். அது யாருக்கும் பொருந்தும். மூன்று தலைப்பு கொடுத்து ஒன்றை அவர்களே எடுக்கட்டும். தானே தேர்ந்தெடுத்த வேலையில் அக்கறை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

அந்த 5 மதிப்பெண்? 1971-இல் உளவியலாளர் எட்வர்ட் டெசி கல்லூரி மாணவர்களிடம் புதிர்க்கட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார். புதிருக்கு ஒரு டாலர் என்று வாங்கியவர்கள், காசு நின்றதும் அதில் செலவிடும் நேரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். உங்கள் 5 மதிப்பெண்ணும் அப்படி ஒரு கூலிதான். அது ஆளை நாற்காலியில் உட்கார வைக்கும், அவ்வளவுதான்.

எனக்கு இதில் பழைய பிடிவாதம் உண்டு. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பதை நான் அலங்காரத்துக்குச் சொல்வதில்லை. பெற்றவர்கள் நம்பி உங்களிடம் விட்டிருக்கிறார்கள். உங்கள் மகளையும் எங்கோ ஒரு ஆசிரியரிடம் நீங்கள் விட்டிருக்கிறீர்கள். அவர் ஆறு வாரம் எடுத்தால் பொறுப்பீர்களா?

மாணவர்களின் அடுத்த கட்டுரைக் கட்டு வந்ததும் அதை முதலில் பிரியுங்கள். மகள் கட்டுரையோடு வந்தால் இரண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். அவளுக்கு அம்மாவாக நீங்கள் வீட்டிலேயே இருக்கிறீர்கள்.