ரோமர் 3-ம் யாக்கோபு 2-ம்: ஒரே வேதபாடத்தில் எப்படி எடுப்பது?

கேள்வி: எங்கள் வீட்டு ஜெபக்குழுவில் 12 பேர். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே, இரண்டு பேர் கத்தோலிக்கர். "விசுவாசித்தாயிற்று, முக்காலப் பாவமும் மன்னிக்கப்பட்டாயிற்று, இனி பாவ அறிக்கையே வேண்டாம்" என்கிறார் ஒரு சகோதரர். "கற்பனையை, அதாவது தேவனுடைய கட்டளையை, கைக்கொள்ளாதவனுக்கு இரட்சிப்பே கிடையாது" என்கிறார் இன்னொருவர். ஒருவர் பவுலின் ரோமர் 3:28-ஐ (நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான்) எடுத்தால் மற்றவர் யாக்கோபு 2:24-ஐ (விசுவாசத்தினாலே மாத்திரம் அல்ல, கிரியைகளினாலேயும்) எடுக்கிறார். அடுத்த மாதம் நான்கு வாரம் நான்தான் பாடம் நடத்த வேண்டும். எப்படிக் கொண்டுபோவது?

பதில்: முதல் வாரம் எதையும் விளக்காதீர்கள். ரோமர் 3:19 தொடங்கி 4-ஆம் அதிகாரம் முடிய, பிறகு யாக்கோபு 2 முழுவதும், சத்தமாக வாசிக்க வையுங்கள். மொத்தம் 64 வசனம், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து ஒரே ஒரு வேலை சொல்லுங்கள்: பவுல் "கிரியை" என்னும்போது எந்தச் செயலைக் காட்டுகிறார், யாக்கோபு எந்தச் செயலைக் காட்டுகிறார், எழுதுங்கள்.

பவுல் பக்கத்தில் விருத்தசேதனம் (நுனித்தோலை அகற்றும் யூதச் சடங்கு) வரும். யாக்கோபு பக்கத்தில் வஸ்திரமும் ஆகாரமும் இல்லாத சகோதரனுக்குக் கொடுப்பது, ஆபிரகாம் ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் வைத்தது, ராகாப் தூதர்களை ஏற்றுக்கொண்டு வேறுவழியாய் அனுப்பிவிட்டது. யாக்கோபின் நிருபம் முழுவதையும் புரட்டினாலும் விருத்தசேதனம், ஓய்வுநாள், போஜன விதி என்ற பேச்சே இல்லை. பவுல் ரோமர் 3:28-இல் எழுதுவது "நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்", அதாவது மோசேயின் சட்டம் கேட்கும் செயல்கள். யாக்கோபு எழுதுவது வெறும் "கிரியைகள்". குழுவில் நடக்கும் சண்டையில் பாதி இந்த அடைமொழியைக் கவனிக்காததால் வருவது.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் காதில் "கிரியை" என்றால் ஈமக்கிரியை, சடங்கு என்ற வாசனை அடிக்கும். அதனால் யாக்கோபு ஏதோ சடங்கைச் செய்யச் சொல்கிறார் என்று இளையவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அவர் சொல்வது பசித்தவனுக்குச் சோறு. கத்தோலிக்கர் கையில் இருக்கும் பொது மொழிபெயர்ப்பில் சொற்களே வேறு: விசுவாசம் அங்கே நம்பிக்கை, நியாயப்பிரமாணம் திருச்சட்டம், நீதிமானாக்கப்படுவது கடவுளுக்கு ஏற்புடையவராவது. இந்த மூன்று ஜோடியையும் முதல் நாளே பலகையில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் வேறு வேறு சொல்லில் ஒன்றையே சொல்லிக்கொண்டு எதிரெதிராக நிற்பார்கள்.

"விசுவாசத்தினால் மாத்திரம்" என்ற சொல்லைப் பற்றியும் கேள்வி வரும். ரோமர் 3:28-இன் கிரேக்க மூலத்திலும் நம் பழைய மொழிபெயர்ப்பிலும் "மாத்திரம்" இல்லை. சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1522-இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்த்தார். பவுலின் கருத்து அதுதான், ஜெர்மன் நடை அதைக் கேட்கிறது என்று 1530-இல் பதிலும் எழுதினார். புதிய ஏற்பாட்டில் "விசுவாசத்தினாலே மாத்திரம்" என்ற தொடர் வரும் ஒரே இடம் யாக்கோபு 2:24; அங்கே அதன் பின்னால் "அல்ல" ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைக் கத்தோலிக்க நண்பர்கள் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாம் வாரம் ஆபிரகாம். இதுதான் நான்கு வாரத்தின் முதுகெலும்பு, நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள். ஒரு சார்ட் தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு ஆதியாகமத்திலிருந்து வயதுகளைக் குறியுங்கள். 75 வயதில் ஆரானை விட்டுப் புறப்படுகிறான் (12:4). "கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்" என்பது 15:6. அடுத்த அதிகாரத்தில் இஸ்மவேல் பிறக்கும்போது வயது 86. விருத்தசேதனம் 99-இல் (17:24). ஈசாக்கு பிறக்கும்போது 100. ஈசாக்கைப் பலியிடப் போனது 22-ஆம் அதிகாரம். அப்போது பையன் விறகு சுமக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டான்.

இனி கோட்டின்மேல் விரலை வையுங்கள். 15:6-க்கும் விருத்தசேதனத்துக்கும் நடுவே குறைந்தது 13 வருஷம். பவுல் ரோமர் 4:10-இல் கேட்பது இதைத்தான்: நீதியாக எண்ணப்பட்டபோது அவன் விருத்தசேதனமுள்ளவனா, இல்லாதவனா? அப்புறம் 430 வருஷம் கழித்து வந்தது நியாயப்பிரமாணம் என்று கலாத்தியர் 3:17-இல் கணக்கும் சொல்கிறார். யாக்கோபு அதே 15:6-ஐ எடுக்கிறார், ஆனால் 22-ஆம் அதிகாரத்தில் நின்றுகொண்டு பின்னோக்கிப் பார்த்து, அந்த வாக்கியம் அங்கே "நிறைவேறிற்று" என்கிறார். ஒருவர் கோட்டின் தொடக்கத்தைக் காட்டுகிறார், மற்றவர் அந்தத் தொடக்கம் உயிரோடு இருந்ததற்கு அத்தாட்சியைக் காட்டுகிறார். "பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன" (2:19) என்று யாக்கோபு குத்துவது அத்தாட்சியில்லாத வாய்ப்பேச்சை.

இவ்வளவு சொன்ன பிறகும் சபைகளுக்கிடையே உள்ள வித்தியாசம் கரைந்துவிடாது, அதை மறைக்கவும் வேண்டாம். நீதிமானாக்குவது தேவனுடைய ஒரே தீர்ப்பு, கிரியை அதன் கனி என்பது லூத்தர் வழி. பெற்ற நீதி நற்செயல்களால் வளர்கிறது என்பது 1547-இல் கத்தோலிக்க சபையின் திரெந்து சங்கம் சொன்னது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள்: நம் தகுதியால் அல்ல, கிருபையால், விசுவாசத்தில் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், ஆவியானவர் நம்மை நற்கிரியைக்கு எழுப்புகிறார். மெதடிஸ்ட் சபைகள் 2006-இலும் சீர்திருத்த சபைகள் 2017-இலும் சேர்ந்துகொண்டன. உங்கள் அறையில் இத்தனை சபையார் இருப்பதால் இந்தத் தகவல் சூட்டைக் குறைக்கும்.

மூன்றாம் வாரம் நியாயப்பிரமாணம். அப்போஸ்தலர் 15-இல் தொடங்குங்கள். விருத்தசேதனம் அடையாவிட்டால் இரட்சிப்பில்லை என்ற வாதத்துக்கு எதிராக, புறஜாதியாரை (யூதரல்லாதவரை) கலங்கப்பண்ணக்கூடாது என்று எருசலேமில் தீர்ப்புச் சொன்னவர் யார்? யாக்கோபு. நிருபத்தை எழுதியவரும் அவரே என்பது சபையின் நெடுநாள் வழக்கு. யாக்கோபைச் "சட்டவாதி" ஆக்கி வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு இடம் போதும்.

ஒழுக்கப் பிரமாணம் நிற்கிறது, சடங்கும் நாட்டுச் சட்டமும் நீங்கின என்று மூன்றாகப் பிரிப்பது 13-ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் தெளிவாக வகுத்த முறை. உதவியான கருவிதான், ஆனால் வேதத்தில் அந்தக் கோடு போட்டு வைத்திருக்கவில்லை. லேவியராகமம் 19:18 பிறனை நேசிக்கச் சொல்கிறது. அடுத்த வசனமே இரண்டு வகை நூல் கலந்த வஸ்திரத்தை உடுத்தாதே என்கிறது. அறையில் பாலியஸ்டர் கலந்த சட்டை எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள், சிரிப்பு வரும், விஷயமும் பிடிபடும். அந்த 19:18-ஐ யாக்கோபு "ராஜரிகப் பிரமாணம்" என்கிறார். பவுல் ரோமர் 13:9-இல் கற்பனைகளெல்லாம் அதற்குள் அடங்கும் என்கிறார். இருவரும் கைகுலுக்கும் இடம் இது. (நியாயப்பிரமாணம் முடிந்தே போயிற்று என்று முழங்கும் அதே பிரசங்கத்தில், காணிக்கை நேரத்துக்குச் சரியாக, தசமபாகம் கேட்கும் மல்கியா 3:10 வருவதையும் நிதானமாக யோசித்துப் பார்க்கலாம்.)

நான்காம் வாரம் மன்னிப்பு. "அறிக்கையே வேண்டாம்" என்கிற சகோதரர் எபிரெயர் 10:14-ஐக் காட்டுவார்; ஒரே பலியினாலே என்றென்றைக்கும் பூரணப்படுத்தினார் என்பது உண்மைதான், மறுக்காதீர்கள். 1 யோவான் 1:9-ஐ நீங்கள் எடுத்தால், அது விசுவாசிகளுக்கு எழுதியதல்ல என்பார். இரண்டு வசனம் தள்ளி "என் பிள்ளைகளே" என்று யோவான் அழைப்பதைக் காட்டுங்கள். 1:9-இல் தன்னையும் சேர்த்து "நாம்" என்கிறார், கிரேக்க வினையும் ஒருமுறையோடு முடியாமல் தொடர்ந்து அறிக்கையிடுவதைக் குறிக்கும் வடிவத்தில் இருக்கிறது. பரமண்டல ஜெபத்தில் அன்றாட அப்பத்துக்கு அடுத்த வேண்டுதலே "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்". "விசுவாசம் மாத்திரம்" என்ற லூத்தரே 1517-இல் தன் 95 கூற்றுகளின் முதலாவதில், விசுவாசியின் வாழ்வு முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்றார்; நியாயப்பிரமாணத்தைப் பிரசங்கிக்கவே வேண்டாம் என்ற சக ஊழியர் அக்ரிகோலாவோடு 1537 முதல் மோதவும் செய்தார். பிள்ளை தப்புச் செய்தால் பிள்ளை என்ற உறவு அறுந்துபோவதில்லை, ஆனாலும் அப்பாவிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. எபிரெயர் 10-ம் 1 யோவானும் நிற்கும் இடங்கள் இவை இரண்டும்.

மன்னிப்பு கிடைத்ததால் கடன் தீர்ந்தது என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவைக்காதீர்கள். லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்க்கச் சொல்கிறது: ஏமாற்றியது 10,000 என்றால் திருப்பிக் கொடுப்பது 12,000. அதைக் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வசனத்தில் குற்றநிவாரணபலி. வரி வசூலிப்பவனான சகேயு, ஏமாற்றி வாங்கியதற்கு நாலத்தனை (நான்கு மடங்கு) திருப்பித் தருவேன் என்றான். ஆனால் லூக்கா 19-இன் வரிசையைப் பாருங்கள்: இயேசு அவனிடம் "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" 5-ஆம் வசனம், நாலத்தனை 8-ஆம் வசனம். நான்கு வாரப் பாடமும் இந்த மூன்று வசன இடைவெளிக்குள் இருக்கிறது.

இந்த வாரத்தில் ஒரு ஆபத்து உண்டு. உணர்ச்சி மேலிட்டு யாராவது கூட்டத்தின் நடுவே தன் குடும்ப விஷயத்தைக் கொட்டத் தொடங்கலாம். யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்வதால் தடுக்கவும் கூச்சமாக இருக்கும். தடுத்துவிடுங்கள். குற்றம் எத்தனை பேரைத் தொட்டதோ அத்தனை பேருக்கு முன்தான் அறிக்கை. அண்ணனிடம் வாங்கிய பணம் அண்ணனிடம் பேச வேண்டியது. கத்தோலிக்கர் தங்கள் குருவானவரிடம் போவார்கள், மற்றவர்கள் நம்பத்தக்க ஒரு மூப்பரிடமோ பாஸ்டரிடமோ போகட்டும். மற்ற 11 பேருக்கும் அது தெரிய வேண்டியதில்லை.