பாஸ்டர் சொன்ன தீர்க்கதரிசனத்தைக் கேள்வி கேட்கலாமா?

கேள்வி: நாங்கள் தலைமுறை தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். அம்மா இறந்த பிறகு அப்பா ஒரு சுயாதீன சபைக்குப் போகத் தொடங்கினார். நாங்களும் கூடப் போனோம். உண்மையில் ஆறுதலாகத்தான் இருந்தது. போன வருஷம் அங்குள்ள பாஸ்டரை ‘அப்போஸ்தலர்’ என்று அபிஷேகம் பண்ணினார்கள். இப்போது அவர், என் தங்கை சபையிலுள்ள இன்ன பையனைத்தான் கட்டவேண்டும் என்று கர்த்தர் வெளிப்படுத்தியதாக ஆராதனையிலேயே சொல்லிவிட்டார். தங்கைக்குத் துளியும் விருப்பமில்லை. நான் போய்க் கேட்டதற்கு, “அப்போஸ்தல வார்த்தையை எதிர்த்தால் சாபம், அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே” என்றார். அப்பா பயந்துபோயிருக்கிறார். அலுவலகத்தில் உள்ள கத்தோலிக்கத் தோழியோ, “இதற்குத்தான் போப்பாண்டவர் வேண்டும் என்பது” என்கிறாள். வேதத்தின்படி நான் என்ன பதில் சொல்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கேள்வி கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். உங்கள் தங்கை அந்தச் சம்பந்தத்தை மறுப்பதால் எந்த வசனத்தையும் மீறவில்லை. இதை முதலில் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

தீர்க்கதரிசன வரம் இன்றைக்கும் உண்டா, முதல் நூற்றாண்டோடு முடிந்ததா என்பதில் கிறிஸ்தவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. அந்த வழக்கை நீங்கள் தீர்க்கத் தேவையில்லை. உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பவுல் கொடுக்கிற ஒழுங்கு இதுதான்: “தீர்க்கதரிசிகள் இரண்டுபேராவது மூன்றுபேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்” (1 கொரிந்தியர் 14:29). தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்று சொன்ன கையோடு, எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறார். சோதிப்பதை அவிசுவாசம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. பெரோயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு தினந்தோறும் ஆராய்ந்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் 17:11 பாராட்டுகிறது. பவுலுக்கே அந்தச் சோதனை பொருந்தும் என்றால் உங்கள் பாஸ்டருக்கு மட்டும் விலக்கு எங்கிருந்து வந்தது?

இனி அந்தப் பட்டம். யூதாசின் இடத்தை நிரப்பும்போது பேதுரு வைத்த தகுதி என்ன? யோவான் ஸ்நானகன் நாள் தொடங்கி ஆண்டவர் எடுத்துக்கொள்ளப்பட்ட நாள்வரை கூடவே இருந்து, உயிர்த்தெழுதலுக்குச் சாட்சியாக நிற்கக்கூடியவராக இருக்கவேண்டும் (அப்போஸ்தலர் 1:21-22). அப்படித்தான் மத்தியா தெரிந்துகொள்ளப்பட்டார். சில வருஷம் கழித்து ஏரோது, யோவானின் சகோதரனாகிய யாக்கோபை வாளால் கொன்றான். அவருடைய இடத்துக்கு ஆள் தேடியதாக அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரியும் கிடையாது. பவுலும் தனக்கு ஆண்டவர் தரிசனமானதை “எல்லாருக்கும் பின்பு” என்றுதான் சொல்லுகிறார்.

பாஸ்டர் பெரும்பாலும் எபேசியர் 4:11-ஐக் காட்டுவார். அதில் அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், சுவிசேஷகர், மேய்ப்பர், போதகர் என்று வருவது உண்மைதான். பர்னபாவையும் அப்போஸ்தலர் என்றே வேதம் சொல்லுகிறது. ஆகவே சபைகளை நிறுவி நடத்துகிற ஊழியத்துக்கு அந்தப் பெயரை ஒருவர் விரிவான பொருளில் வைத்துக்கொண்டால், அதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் அதே நிருபம், இரண்டு அதிகாரம் முன்னால், சபை அப்போஸ்தலர் தீர்க்கதரிசிகளின் அஸ்திபாரத்தின்மேல் ஏற்கெனவே கட்டப்பட்டாயிற்று என்கிறது. அந்த அஸ்திபாரம்தான் இன்று நம் கையில் புதிய ஏற்பாடாக இருக்கிறது. ‘அப்போஸ்தலர்’ என்ற பெயரை வைத்துக்கொண்டு, தன் வாய்ச்சொல்லையும் அந்த அஸ்திபாரத்தோடு சேர்க்கப் பார்ப்பதில்தான் கோளாறு. பெந்தெகொஸ்தே சபைகளே இதில் எச்சரிக்கையாக இருக்கின்றன. அமெரிக்காவின் அசெம்பிளீஸ் ஆஃப் காட் 2001-ல் வெளியிட்ட அறிக்கையில், இத்தகைய ஊழியம் நடக்கலாம், ஆனால் அப்போஸ்தலர், தீர்க்கதரிசி என்ற பட்டங்களையும் பதவிகளையும் தாங்கள் அங்கீகரிப்பதில்லை என்று சொன்னது. இதை அப்பாவுக்குச் சொல்லுங்கள். சி.எஸ்.ஐ. ஐயர் (போதகர்) சொன்னால் “அவர்களுக்கு ஆவியைப் பற்றி என்ன தெரியும்” என்று தள்ளிவிடலாம். அந்நியபாஷை பேசுகிற சபையே சொல்லும்போது அப்படித் தள்ள முடியாது.

ஊர் ஊராகப் போய் அப்போஸ்தலர் என்று சொல்லிக்கொண்டவர்களின் தொல்லை புதிதல்ல. டிடாக்கே என்ற பழைய நூல் ஒன்று உண்டு. முதல் நூற்றாண்டின் முடிவையோ அதற்குச் சற்றுப் பிந்திய காலத்தையோ சேர்ந்தது. 1873-ல் கான்ஸ்டான்டினோபிளில் பிரயென்னியோஸ் என்பவர் அதன் கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்தார், 1883-ல் அச்சானது. அதில் வருகிற விதிகளைப் படித்தால் சிரிப்பும் வரும். வருகிற அப்போஸ்தலரை ஆண்டவரைப்போல ஏற்றுக்கொள். ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள். மூன்று நாள் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த ஊர் போய்ச்சேரும்வரைக்குமான அப்பம் மட்டும் கொடு. பணம் கேட்டால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில் நிறைந்து “பந்தி வையுங்கள்” என்று சொல்லிவிட்டு அதில் தானே உட்கார்ந்து சாப்பிடுகிறவனும் கள்ளத் தீர்க்கதரிசி! அதே அதிகாரத்தில், ஆவியில் பேசிக்கொண்டிருக்கிற தீர்க்கதரிசியைச் சோதிக்காதே என்றும் ஒரு வரி இருக்கிறது. பாஸ்டரின் ஆட்கள் யாராவது அதை எடுத்துக்காட்டலாம். அடுத்த வரியையும் வாசிக்கச் சொல்லுங்கள்: ஆவியில் பேசுகிற எல்லாரும் தீர்க்கதரிசி அல்ல, ஆண்டவருடைய நடக்கை உள்ளவனே தீர்க்கதரிசி. பேச்சை நடுவில் மறிக்கவேண்டாம், ஆளின் நடத்தையையும் அந்தப் பேச்சால் யாருக்கு லாபம் என்பதையும் பார் என்கிறது நூல். டிடாக்கே வேதம் அல்ல. ஆனால் அப்போஸ்தலருக்கு அடுத்த தலைமுறையே எவ்வளவு விழிப்பாக இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கி.பி. 200-ஐ ஒட்டி அந்தியோகியாவின் ஆயராக இருந்த செராப்பியோன், ரோசுஸ் என்ற ஊர்ச் சபைக்குப் போனார். அங்கே ‘பேதுருவின் சுவிசேஷம்’ என்ற ஒன்றை வாசிப்பதா வேண்டாமா என்று சச்சரவு. அவர் அதைச் சரியாகப் பார்க்காமலே, வாசியுங்கள் என்று சொல்லிவிட்டார். பிறகு பிரதியை வாங்கி முழுக்கப் படித்தார். பெரும்பகுதி சரி, சில இடங்களில் சேர்ப்பு இருக்கிறது என்று கண்டதும் தான் கொடுத்த அனுமதியை மாற்றி எழுத்திலேயே அனுப்பினார். பேதுருவையும் மற்ற அப்போஸ்தலரையும் கிறிஸ்துவைப்போல ஏற்கிறோம், அவர்கள் பெயரில் பொய்யாக வருவதைத் தள்ளுகிறோம், ஏனெனில் அப்படிப்பட்டது நம் முன்னோரிடமிருந்து நமக்கு வரவில்லை என்பது அவர் சொன்ன காரணம். யூசேபியுஸ் தன் சபைச் சரித்திரத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு ஆயரின் சொல்லே கையளிக்கப்பட்ட போதனையின் முன் திருத்தப்பட்டது. அதை அவரே திருத்தினார். உங்கள் பாஸ்டரிடம் இந்த மனம் உண்டா என்று பாருங்கள்.

உங்களுக்கு மிகவும் உதவக்கூடிய இடம் அப்போஸ்தலர் 21. பவுல் எருசலேமுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். தீருவிலுள்ள சீஷர்கள் ஆவியின் ஏவுதலினாலே, போகவேண்டாம் என்கிறார்கள். செசரியாவில் அகபு என்ற தீர்க்கதரிசி வந்து, பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, இந்தக் கச்சைக்குரியவரை எருசலேமில் இப்படிக் கட்டுவார்கள் என்கிறார். கூடியிருந்தவர்கள் அழுது கெஞ்சுகிறார்கள். பவுல் கேட்டாரா? போய்விட்டார். அவரை யாரும் சபிக்கவில்லை, ‘தீர்க்கதரிசனத்தை எதிர்த்தவர்’ என்று பட்டம் கட்டவில்லை. கடைசியில் “கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது” என்று சொல்லி அமர்ந்துவிட்டார்கள். அகபுவின் வார்த்தையை வேதமே பதிவு செய்து வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட வார்த்தைகூட பவுலின் முடிவைப் பவுலிடமிருந்து பறிக்கவில்லை. உங்கள் தங்கையின் முடிவும் தங்கையுடையதுதான்.

திருமண விஷயத்தில் பவுல் எப்படிப் பேசினார் என்பதற்கு 1 கொரிந்தியர் 7-ஐ நிதானமாக வாசியுங்கள். ஒரு இடத்தில் “நான் அல்ல, கர்த்தரே கட்டளையிடுகிறதாவது” என்கிறார். இரண்டு வசனம் தள்ளி, “கர்த்தர் அல்ல, நானே சொல்லுகிறதாவது” என்கிறார். கன்னிகைகளைக்குறித்து வரும்போது, கர்த்தரால் தனக்குக் கட்டளை இல்லை, தன் அபிப்பிராயத்தைச் சொல்லுவதாகக் கோடு கிழித்துக் காட்டுகிறார். விதவை கர்த்தருக்குட்பட்ட எவனை விரும்பினாலும் கட்டிக்கொள்ள விடுதலையாயிருக்கிறாள் என்று அந்த அதிகாரம் முடிகிற இடத்தில் சொல்லுகிறார். ஆண்டவரைக் கண்ட அப்போஸ்தலன் இன்ன பெண்ணுக்கு இன்ன மாப்பிள்ளை என்று ஒரு ஊருக்காவது எழுதியதாக நான் பார்த்ததில்லை.

“அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே” என்பது சங்கீதம் 105:15. கொஞ்சம் மேலே, 12-ஆம் வசனத்திலிருந்து வாசித்தால் யாருக்குச் சொன்னது என்று தெரியும். சொற்பப் பேராகவும் பரதேசிகளாகவும் தேசம்விட்டுத் தேசம் அலைந்த ஆபிரகாம் குடும்பத்துக்குத் தீங்கு செய்யாதபடி தேவன் ராஜாக்களைக் கடிந்துகொண்ட வசனம் அது. பலவானிடமிருந்து பலவீனரைக் காக்கிறது. உங்கள் வீட்டுக் கதையில் பலவீனர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. தாவீது, அபிஷேகம் பண்ணப்பட்ட ராஜாவாகிய சவுலின்மேல் கைபோடமாட்டேன் என்றது கொலை செய்யமாட்டேன் என்ற பொருளில். குகையிலிருந்து வெளியே வந்து, அறுத்தெடுத்த சால்வைத் தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, சவுல் செய்கிற அநியாயத்தை உரத்த சத்தமாய்ச் சொன்னதும் அதே தாவீதுதான். அந்தியோகியாவில் பேதுருவை முகமுகமாய் எதிர்த்ததாகப் பவுலும் எழுதியிருக்கிறார்.

சாபத்தைப் பற்றி அப்பாவுக்கு இரண்டு வசனம். கலாத்தியர் 1:8-ல், “நாங்களாவது, வானத்திலிருந்து வருகிற ஒரு தூதனாவது” வேறொரு சுவிசேஷத்தைப் பிரசங்கித்தால் அவன் சபிக்கப்பட்டவன் என்கிறார் பவுல். சாபம் மாற்றிப் போதிக்கிறவன்மேல். கேள்வி கேட்கிற விசுவாசிமேல் அல்ல. உபாகமம் 18:22-ல், சொன்னது நடக்காமல்போனால் அந்தத் தீர்க்கதரிசி துணிகரத்தினால் சொன்னான், “அவனுக்கு நீ பயப்படவேண்டாம்” என்று இருக்கிறது. அப்பாவின் பைபிளில் இதை அவரே எடுத்து வாசிக்கட்டும். நீங்கள் வாசித்துக் காட்டினால் பிள்ளை பாடம் நடத்துவதுபோல் ஆகிவிடும்.

தோழிக்கு. அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. போதகரை விசாரிக்க மேலே ஆள் இல்லாத சபையில் இந்தக் கோளாறு சீக்கிரம் வரும். கத்தோலிக்கத் திருச்சபை மறைநூல், திருமரபு, ஆயர்களின் ஆசிரியம் (போதிக்கும் அதிகாரம்) மூன்றையும் சேர்த்தே பிடிக்கிறது. ஆனால் ஆசிரியம் இறைவார்த்தைக்கு மேலானது அல்ல, அதற்குப் பணிவிடை செய்வது என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதிவைத்தது. திருச்சபை அங்கீகரித்த காட்சிகளையும், லூர்து உட்பட, தனிப்பட்ட வெளிப்பாடு என்றுதான் வைத்திருக்கிறார்கள். அது விசுவாசக் கருவூலத்தை, அதாவது அப்போஸ்தலர் வழியாகக் கையளிக்கப்பட்ட போதனையை, சேர்ந்ததல்ல. 1947-ல் உருவான சி.எஸ்.ஐ.யின் அமைப்புச் சட்டமும் இரட்சிப்புக்கு வேண்டியதெல்லாம் வேதாகமத்தில் உண்டு, விசுவாசத்துக்கு அதுவே இறுதி அளவுகோல் என்கிறது. அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதில் இரண்டு சபைகளும் வேறுபடும். உங்கள் பாஸ்டர் செய்ததை இரண்டுமே ஏற்காது.

இனி செய்யவேண்டியது. பாஸ்டரிடம் தனியாகப் போகாதீர்கள். அப்பாவோ சபையில் மதிப்புள்ள ஒரு மூப்பரோ கூட இருக்கட்டும். “ஐயா, இந்த வார்த்தையை நிதானித்த மற்றவர்கள் யார்?” என்று மரியாதையாக ஒரே கேள்வி கேளுங்கள். 1 கொரிந்தியர் 14:29-ஐ மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வசனம் கொண்டுபோனால் வாதமாகிவிடும். “நான்கூடத் தவறாகக் கேட்டிருக்கலாம்” என்று அவர் சொன்னால், அந்தச் சபையில் இன்னும் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. மேடையிலிருந்து மறுபடியும் குடும்பத்தைக் குத்திப் பேசினால் அங்கே இருக்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பழைய ஆலயத்தின் பதிவேட்டில் உங்கள் பெயர்கள் இன்னும் இருக்கிறதா என்று ஐயரிடம் விசாரித்து வையுங்கள்.

பையன் வீட்டாரிடம் தங்கையின் மறுப்பை இப்போதே, நல்லவிதமாய், அப்பா வாயால் சொல்லிவிடுவது நல்லது. அந்தப் பையனும் இதில் சிக்கியவன்தான். அவனை யாரும் கேட்டார்களோ என்னவோ. தங்கைக்குத் தெரியவேண்டியது ஒன்று உண்டு: திருமண ஆராதனையில் குருவானவர் மணமகனிடமும் மணமகளிடமும் தனித்தனியே சம்மதம் கேட்கிறார். மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது, அந்தச் சம்மதத்தை வேறு எந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய முடியாது என்று கத்தோலிக்கச் சட்டத்தொகுப்பின் 1057-ஆம் விதி சொல்லுகிறது. அவள் ‘சம்மதம்’ என்று சொல்லாதவரை அந்தத் தீர்க்கதரிசனத்தை வைத்துக்கொண்டு எந்தக் குருவானவரும் திருமணத்தை நடத்த முடியாது.