நரம்பணு தரும் தகவலை அளப்பது எப்படி?

கேள்வி: 8 படங்களைக் காட்டி ஒரு நரம்பணுவின் மின்துடிப்புகளைப் பதிவு செய்தால், படத்தைப் பற்றி அது எவ்வளவு தகவல் தருகிறது என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பதில்: கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948-இல் வகுத்த தகவல் கோட்பாடுதான் அடிப்படை. ஒவ்வொரு படத்தையும், வரிசையைக் கலைத்து, 20 முறை காட்டுங்கள். ஒவ்வொரு முறையும் குறித்த நேரத்துக்குள் வரும் துடிப்புகளை எண்ணுங்கள். மொத்தப் பதிவுகளின் என்ட்ரோபியிலிருந்து (எண்ணிக்கைகள் எவ்வளவு மாறுபடுகின்றன என்பதன் அளவு), ஒரே படத்துக்குள் மிஞ்சும் என்ட்ரோபியின் சராசரியைக் கழித்தால் தகவல் கிடைக்கும். 8 படங்களும் சம அளவில் வந்தால் அது 3 பிட்டைத் தாண்டாது (ஒரு பிட் என்பது ஓர் ஆம்-இல்லை கேள்விக்கான விடை; எட்டில் ஒன்றைக் கண்டுபிடிக்க மூன்று கேள்வி போதும்).

கேள்வி: படத்தைக் கண்டுகொள்ளாத நரம்பணுவுக்கும் பூஜ்யம் வருவதில்லையே, ஏன்?

பதில்: தரவு போதாததால். 20 பதிவுகளில் அரிய எண்ணிக்கைகள் பல விடுபட்டுப்போகும். அதனால் படத்துக்குள்ளான என்ட்ரோபி உண்மையைவிடக் குறைந்து, தகவல் ஊதிவிடும். துடிப்பெண்ணிக்கை 0 முதல் 10 வரை, அதாவது 11 வகை என்றால், மிகை தோராயமாக (8−1)×(11−1) ÷ (2×160×0.693), அதாவது 0.32 பிட் (160 என்பது 8×20 பதிவுகள்; 0.693 என்பது 2-இன் இயல் மடக்கை). இதைக் கழிக்காமல் முடிவை வெளியிடவே கூடாது. படப் பெயர்களை மட்டும் கலைத்துப்போட்டுப் பலமுறை கணக்கிட்டுப் பாருங்கள். சராசரி ஏறக்குறைய இதே அளவுக்கு வரும்.

எண்ணிக்கையை விட்டு, நேரத்தை 8 துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் துடிப்பு உண்டா இல்லையா என்ற அமைப்பையே எடுத்தால் 256 வகை. அதே சூத்திரம் 8 பிட் மிகை என்கிறது. உச்சவரம்பே 3 தான்! அங்கே இந்தத் திருத்தம் உதவாது. துண்டுகளைக் குறையுங்கள், அல்லது ஒவ்வொரு படத்துக்குமான பதிவுகளை வகைகளின் எண்ணிக்கையைவிடப் பல மடங்காக்குங்கள்.