வலி முழங்காலில் இல்லை

கேள்வி: என் மகளுக்கு 20 வயது. தன்னை ஆண் என்கிறாள். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு திருநங்கையிடம் அழைத்துப்போனேன். "இந்தப் புள்ளை வழி வேறம்மா, திருநங்கைங்க கூடி வாழுற எங்க ஜமாத்துல இதுக்கு இடமில்லை" என்று அனுப்பிவிட்டார். பேசாமல் வரன் பார்த்து முடித்துவிடலாமா? இதற்கு நடுவில் முழங்கால் வலி என்று மாதம் இரண்டு க்ரேப் பேண்டேஜ் வாங்குகிறாள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: வரன் கதை இருக்கட்டும், முதலில் அந்த பேண்டேஜுக்கு வருகிறேன். முழங்கால் வலிக்காரர் மாடி ஏறினால் கால்தான் நோகும். மூச்சு வாங்குகிறதென்றால் துணி காலில் இல்லை அம்மா, மார்பு தட்டையாகத் தெரிய அதில் சுற்றியிருக்கிறது. இருபது வருடம் வளர்த்தவருக்கு இது தோன்றவில்லையா, தோன்றியும் கேட்கப் பயமா?

க்ரேப் பேண்டேஜ் சுளுக்குக்குக் கட்டுவது. மார்பில் கட்டினால் மூச்சை இழுக்கும்போது விலா விரிய இடம் கொடுக்காது. நடக்க நடக்கச் சுருண்டு கயிறு மாதிரி ஒரே இடத்தில் இறுகும். தோல் புண்ணாகும், விலா எலும்பில் கீறல்கூட விழலாம். இதற்கென்றே பைண்டர் என்ற உள்ளாடை இருக்கிறது. மார்பின் பருத்த பகுதியைச் சுற்றி அளந்து, அந்த அளவிலேயே வாங்க வேண்டும். இன்னும் தட்டையாகத் தெரியட்டும் என்று ஒரு சைஸ் குறைத்தால் பழைய குருடி கதவைத் திறடி. ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதைப் போட்டுக்கொண்டு தூங்கவோ ஓடவோ கூடாது. வெயில் காலத்தில் வியர்வை தங்கிப் படர்தாமரை வரும். தினமும் துவைத்து, ஈரம் போகக் காயவைத்துத்தான் போட வேண்டும். இப்போதே மூச்சு வாங்குவதால் பேண்டேஜை இன்றே அவிழ்த்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

அந்தத் திருநங்கை சொன்னது சரி. வீடு துரத்தினால் திருநங்கைக்கு ஜமாத்தில் ஒரு குருவாவது கிடைப்பார். திருநம்பிக்கு, அதாவது பெண்ணாகப் பிறந்து தன்னை ஆணாக உணரும் உங்கள் பிள்ளை போன்றவருக்கு, அப்படி ஒரு கூரை இல்லை. 'பொம்பளைப் பிள்ளை' என்று உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள், தாலிக்குக் கழுத்தை நீட்டச் சொல்கிறார்கள்.

உடம்பின் தேவையும் வேறு. திருநங்கை எடுக்கும் ஹார்மோன், ஏற்கெனவே உடைந்த குரலை மாற்றாது, தாடிக்கு லேசர்தான். திருநம்பி போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி சில மாதங்களில் குரலை உடைக்கும், மாதவிடாயைப் பெரும்பாலும் நிறுத்தும். வளர்ந்த மார்பு மட்டும் போகாது, அதற்கு அறுவை சிகிச்சைதான். பிறகு ஊசியை நிறுத்தினாலும் உடைந்த குரல் திரும்பாது. சிவப்பணுக்கள் கூடி ரத்தம் கெட்டியாகலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. ஜிம்மில் யாரோ கொடுக்கும் ஊசி வேண்டவே வேண்டாம். சிலர் ஊசியும் கேட்பதில்லை, கத்தியும் கேட்பதில்லை. பெயரைச் சொல்லி 'அவன்' என்று கூப்பிட்டால் போதும் என்பார்கள். உங்கள் பிள்ளை என்ன கேட்கிறது? தெருக்காரரிடம் கேட்ட நீங்கள் பிள்ளையிடம் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே!

வரன் பார்க்காதீர்கள். ஊரான் பெற்ற பிள்ளையையும் சேர்த்துக் கிணற்றில் தள்ளும் வேலை அது. 'குணப்படுத்துகிறேன்' என்று யாராவது வந்தாலும் வீட்டுக்குள் விடாதீர்கள். 2021-லேயே சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. பெற்றவர் வீட்டில் வாழும் உரிமையை 2019-ல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் கொடுத்திருக்கிறது. சட்டம் சொல்லித்தான் தாய் சோறு போட வேண்டுமா?

தையல் பெட்டியில் டேப் இருக்கும். அதை எடுத்து உங்கள் மகன் கையில் கொடுங்கள். அளவை அவனே எடுக்கட்டும். நீங்கள் வெளியே நின்று எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.