23 லட்சம் பேர் பார்த்தார்கள், அத்தையைக் கேட்டீர்களா?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறேன். லாரன்ஸ் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை, மாதம் 11,000 ரூபாய். ஒன்றரை வருடமாக இன்ஸ்டாகிராமில் மீன் சமையல் வீடியோ போடுகிறேன். 640 பேர்தான் ஃபாலோ செய்தார்கள். போன மாதம் கணவாய் சுத்தம் செய்யும்போது மைப்பை உடைந்து முகமெல்லாம் தெறித்தது. பின்னாலிருந்து என் அத்தை, "பேனாவுல ஊத்துற மைய மூஞ்சில ஊத்திக்கிட்டு நிக்கிறியே, பரீட்சைக்கா போற?" என்றார். அந்த ரீல் 23 லட்சம் பார்வை போய்விட்டது. இப்போது 14,000 ஃபாலோயர்கள். ஆனால் அதற்குப் பிறகு போட்ட ஏழு வீடியோவில் ஒன்றுகூட ஆயிரத்தைத் தாண்டவில்லை. அத்தையும் இப்போதெல்லாம் போனை எடுத்தாலே உள்ளே போய்விடுகிறார். வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய் என்கிறார் கணவர். 3,000 ரூபாய் கட்டினால் மறுபடி வைரல் ஆக்கித் தருவதாக ஒருவர் மெசேஜ் அனுப்புகிறார். கருவாடு விற்கலாமா என்றும் யோசிக்கிறேன். என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

பதில்: சகோதரி, வேலையை விடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாகப் பேசலாம்.

23 லட்சம் பார்வைக்கு உங்கள் கைக்கு வந்த பணம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். ரீல் ஓடுகிறது என்பதற்காக, பார்வைக்கு இவ்வளவு என்று இன்ஸ்டாகிராம் உங்களுக்குப் பணம் போடுவதில்லை. அங்கே சம்பாதிப்பவர்கள் பெரும்பாலும் விளம்பரத்திலோ, சொந்தப் பொருளை விற்றோதான் சம்பாதிக்கிறார்கள். யூடியூப் விளம்பர வருமானத்தில் பங்கு தருகிறது, ஆனால் வாசலிலேயே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரம் உங்கள் வீடியோக்களை மக்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் ஒரு கோடி பார்வை போக வேண்டும். 4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். ஒருவர் நான்கு நிமிடம் உட்கார்ந்து பார்க்கிறார் என்று வைத்தாலும் 60,000 பேர் வேண்டும். உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஜவுளிக்கடைச் சம்பளம் மாதா மாதம் வருகிறது.

அந்தப் 'பார்வை' என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸில் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று எண்ணுகிறார்கள். பணம் தருவதற்கு மட்டும் கொஞ்ச நேரமாவது நின்று பார்த்தவர்களைத் தனியாக எண்ணிக்கொள்கிறார்கள். கடை வாசலைக் கடந்து போகிறவர்களை எல்லாம் வாடிக்கையாளர் என்று உங்கள் முதலாளி கணக்கு எழுதுவாரா?

அடுத்த ஏழு வீடியோக்கள் ஏன் படுத்தன? நீங்கள் ஏதும் தப்புச் செய்யவில்லை. புதிதாக வந்த பதின்மூவாயிரம் பேரில் பெரும்பாலோர் கணவாய் சுத்தம் செய்யக் கற்றுக்கொள்ள வரவில்லை, அத்தை இன்னொரு தடவை திட்டுவதைப் பார்க்க வந்தவர்கள். நீங்கள் சுறாப்புட்டு செய்து காட்டினால் தள்ளிவிட்டுப் போகிறார்கள். ஃபாலோ செய்தவர்கள் எல்லாருக்கும் உங்கள் வீடியோ போய்ச் சேரும் என்ற உத்தரவாதமும் கிடையாது. முதலில் பார்த்தவர்கள் எவ்வளவு நேரம் நின்றார்கள், யாருக்காவது அனுப்பினார்களா என்பதை வைத்துத்தான் அது மேலும் நகர்கிறது. உங்கள் பழைய வீடியோக்களின் கமென்ட்டுகளைப் பாருங்கள். மைப்பையை உடையாமல் எடுப்பது எப்படி, வாளைக்கும் நெத்திலிக்கும் ஒரே புளிதானா என்று கேட்டவர்கள் ஐம்பது பேராவது இருப்பார்கள். இனி அவர்களுக்காக எடுங்கள்.

3,000 ரூபாய்க்காரருக்குப் பதிலே போட வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு போலிக் கணக்குகளைக் கொண்டு வந்து கொட்டுவார், அல்லது காசோடு காணாமல் போவார். 'காப்பிரைட் புகார் வந்திருக்கிறது, இந்த லிங்க்கைத் தொடுங்கள்' என்று வருவதும் இதே ரகம்தான், வைரல் ஆன பக்கங்களைத் தேடித்தான் வரும். பாஸ்வேர்டு தெரிந்தாலும் உள்ளே நுழைய முடியாதபடி இரண்டாவது பூட்டு போடும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. இன்றே போட்டுவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும்.

கருவாடு நல்ல யோசனை. ஆனால் 'விலை என்ன அக்கா?' என்று நானூறு பேர் கேட்டால் நாற்பது பேர் வாங்குவார்கள் என்று நினைக்காதீர்கள். நான்கு பேர் வாங்கினாலே பெரிது. இன்னொன்று, வீடியோ எந்த மாதத்தில் ஓடும் என்று சொல்ல முடியாது, கருவாட்டுக்கோ பருவம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, கிடைக்கிற கொஞ்ச மீனும் யானை விலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் காயப்போட வெயில் கிடைக்காது. இது முதுநகரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டிலேயே செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எடுக்க வேண்டும், ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். அப்புறம், வாசனை வெளியே வராத பை. கூரியர் கடையில் நீங்கள் பார்சலை வைத்ததும் கடைக்காரர் மூக்கைச் சுளிக்காமல் இருந்தால்தான் ரசீது போடுவார். முதலில் பத்துப் பார்சல், தெரிந்தவர்களுக்கு. அது கெடாமல் போய்ச் சேர்ந்தால் அடுத்தது.

யாராவது இலவசமாக மசாலா அனுப்பி 'ஒரு ரீல் போடுங்கள்' என்றால், அது விளம்பரம் என்று வீடியோவிலேயே சொல்லிவிடுங்கள். ஓசியில் வந்த பொருளாக இருந்தாலும் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் நடித்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். 11,000 சம்பளத்தில் அதை யோசித்துப் பாருங்கள்.

சரி, நான் உண்மையில் பேச நினைத்தது உங்கள் கடிதத்தின் நடுவில் ஒற்றை வரியாக வந்து போகிறது. "அத்தையும் இப்போதெல்லாம் போனை எடுத்தாலே உள்ளே போய்விடுகிறார்."

அந்த ரீலை நான் ஐந்து தடவை பார்த்தேன். நான்கு தடவை சிரித்தேன். ஐந்தாவது தடவைதான் கடைசி நொடியைக் கவனித்தேன். திரையின் ஓரத்தில், போன் ஓடுகிறது என்று அவருக்கு அப்போதுதான் தெரிகிறது. முந்தானையை இழுத்து முகத்தை மறைக்கிறார். அதோடு வீடியோ முடிந்துவிடுகிறது.

கமென்ட்டுகளையும் படித்தேன். ரசித்தவர்கள் நிறைய. அவருடைய பல்லைப் பற்றியும், ரவிக்கையைப் பற்றியும், மீன் நாற்றம் என்றும் எழுதியவர்களும் இருக்கிறார்கள். அவருக்கு அதை யாராவது படித்துக் காட்டியிருப்பார்கள். தெருவில் பையன்கள் "பரீட்சைக்கா போற?" என்று கத்திக்கொண்டு ஓடுவதும் அவர் காதில் விழுந்திருக்கும். அவர் குரலை வெட்டி எடுத்து முகம் தெரியாத யாரோ தங்கள் வீடியோவில் ஒட்டியிருக்கிறார்கள். அவர் உங்களை, உங்கள் அடுக்களையில் வைத்து, உரிமையோடு திட்டினார். 23 லட்சம் பேருக்காக அவர் திட்டவில்லை.

இதைச் சொல்ல எனக்குப் பெரிய தகுதி ஒன்றும் கிடையாது. நானும் புதுச்சேரியில் ஒரு சின்னப் பக்கம் நடத்தியவள்தான். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பூட்டு விற்கும் ஒரு பெரியவரைத் தூரத்திலிருந்து எடுத்துப் போட்டேன். 6 லட்சம் போனது. அடுத்த வாரம் பெருமையாகச் சொல்லப் போனால், "உன்னால ஒரு பூட்டு கூட விக்கலம்மா. போட்டோ எடுக்க வந்தவங்க கடைய மறைச்சுக்கிட்டு நின்னாங்க" என்றார். கேட்காமல் எடுத்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்டு, அன்றைக்கே வீடியோவை எடுத்துவிட்டேன். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பூட்டை என் கையில் கொடுத்து 80 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

உங்கள் கடை விடுமுறை அன்று அத்தையோடு உட்காருங்கள். வீடியோவைக் காட்டுங்கள், கமென்ட்டுகளில் நல்லதையும் கெட்டதையும் சொல்லுங்கள். இது இருக்கட்டுமா, எடுத்துவிடவா என்று கேளுங்கள். கணவரை வைத்துக் கேட்க வேண்டாம், அவருக்கு ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது. வேண்டாம் என்று அத்தை சொன்னால் எடுத்துவிடுங்கள். வாட்சாப்பில் சுற்றுவதைத் திரும்ப வாங்க முடியாதுதான், ஆனால் உங்கள் பக்கம் உங்கள் கையில் இருக்கிறது. இருக்கட்டும் என்றால் செட்டிங்ஸில் சொற்களை மறைக்கும் வசதியைத் திறந்து, அந்த வசைச் சொற்களை எல்லாம் ஏற்றிவிடுங்கள். தமிழில் மட்டும் ஏற்றினால் போதாது. ஆங்கில எழுத்தில் தமிழில் திட்டுகிறவர்கள்தான் அதிகம், ஒவ்வொரு வசையையும் நான்கு விதமாக எழுதுவார்கள். நான்கையும் ஏற்றுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: உன் பங்கு என்ன அத்தை என்று. கடலுக்குப் போய் வந்தால் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிக்கிற ஊர் உங்களுடையது. அந்த ரீலில் மீனும் போனும் உங்களுடையவை, வலை நிறையப் பாடு விழுந்ததோ அவருடைய வாயால்தான். கேமரா முன்னால் வரப் பிடிக்கவில்லை என்றால் வர வேண்டாம். கருவாட்டுப் பார்சல் பத்தும் விற்றால் அவர் பங்கை அவர் கையிலேயே கொடுங்கள். நெத்திலிக்கு எவ்வளவு உப்பு, எத்தனை வெயில் என்று அந்த வீட்டில் அவருக்குத்தானே தெரியும்.