யாரும் எச்சரிக்காத ஒரு வெளிநாட்டு மீனைக் கால்வாயில் விடலாமா?

ஓரடிக்கு மேல் வளர்ந்துவிட்ட செனகல் பிச்சிர் மீனைத் தொட்டியில் வைத்துக்கொள்ள முடியவில்லை என்றும், அது எந்த நாட்டிலும் ஆக்கிரமிப்பு மீனாகப் பரவியதாகத் தகவல் கிடைக்காததால் வெள்ளவத்தைக் கால்வாயில் விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விடக் கூடாது.

பல்கலைக்கழக இறுதியாண்டில், கொழும்புக் கடைகளில் விற்கப்படும் அதிகம் அறியப்படாத மீன்கள் புதிய இடத்தில் ஆக்கிரமிப்பாகப் பரவக்கூடுமா என்பதை ஏஎஸ்-இஸ்க் எனும் கேள்விப் படிவத்தின் மூலம் மதிப்பிடும் குழுவில் நான் இருந்தேன். அதிலுள்ள 55 கேள்விகளில் 49 மீனின் வரலாறு, உயிரியல், சூழலியல் பற்றியவை. மீதி 6 காலநிலை மாற்றம் பற்றியவை. ஒவ்வொரு விடைக்கும் ஆதாரம் காட்டுவதோடு, அந்த விடையை எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்பதையும் பதிய வேண்டும். நாங்கள் முடிவுகளைச் சமர்ப்பித்தபோது மூத்தவர் ஒருவர், 'தெரியாது' என்று நாங்கள் எழுதியிருந்த இடங்களையெல்லாம் 'இல்லை' என்று வாசித்துவிட்டு, "அப்படியென்றால் ஆபத்தில்லாத மீன்தானே" என்று கோப்பை மூடினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. ஒரு மீனைப் பற்றி எவரும் ஆராயவில்லை என்பது அந்த மீனுக்குக் கொடுக்கப்படும் நற்சான்றிதழ் ஆகிவிடாது.

வரலாறு கிடைக்காவிட்டால் உடலைப் பார்க்க வேண்டும். பிச்சிருக்கு நுரையீரல் உண்டு. உங்கள் தொட்டியிலேயே அது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுச் சட்டென்று அடிக்குத் திரும்புவதைக் கவனித்திருப்பீர்கள். 2014இல் வெளியான ஆய்வொன்றில் இதே இன மீன்களை ஏறத்தாழ எட்டு மாதங்கள் ஈரத் தரையிலேயே வளர்த்திருக்கிறார்கள். ஆகவே, கால்வாயின் அழுக்கு நீரில் அது எப்படியும் செத்துவிடும் என்ற கணக்கு இங்கே தலைகீழாகிறது: பிராணவாயு குறைந்த நீரில் மற்ற மீன்கள் திணறும்போது தாக்குப்பிடிக்கக்கூடியது இதுதான். ஆபிரிக்க வெப்பமண்டல நீரில் வாழும் மீனுக்குக் கொழும்பின் வெப்பநிலையும் அந்நியமானதன்று. இக்கால்வாய்கள் தியவன்னா ஓயாவுடனும் களனி கங்கையுடனும் தொடர்புள்ளவை. 2016 மே மாத வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு நீர் எங்கிருந்து எங்கு போகும் என்று விளக்கத் தேவையில்லை. களனி முதல் நில்வளா வரையான ஓடைகளில் மட்டுமே இயற்கையாக வாழும் செர்ரி பார்ப் எனும் சிறு மீன் ஐந்து சென்டிமீட்டர் அளவே வளரும். இரவில் மோப்பம் பிடித்து இரைதேடும் பிச்சிருக்கு அது ஒரு வாய்க்குத்தான் காணும்.

வெளிநாட்டு மீன் என்றாலே தீங்கு என்று நான் சொல்லவில்லை. 1950களில் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவை நம்பி வாழும் குளத்து மீனவர்கள் ஏராளம். ஒற்றை மீன் இனம் பெருக்காது என்பதும் சரியே. ஆனால் இதே எண்ணத்துடன் கால்வாயருகே வாளியோடு நிற்பவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்லர். நம் நீர்நிலைகளில் இன்று வலையை நிறைக்கும் டேங்க் கிளீனர் மீன்களும் கண்ணாடித் தொட்டிகளுக்காக வந்தவைதான்.

வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். பணம் கேட்காவிட்டால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். மறுத்தால், நான்கடித் தொட்டி வைத்திருக்கும் வளர்ப்பாளர் ஒருவரைத் தேடுங்கள். அதுவரை தொட்டி மூடியில் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பிச்சிர் வெளியே ஏறிவிடக்கூடியது.